தைபே முதல் சிஞ்சு வரை: உயர்தர மடிக்கணினியைத் தேடும் பாதை

உயர்விலை மடிக்கணினி ஒன்றின் பாகங்களை மூன்றாகப் பிரிக்கலாம். செயலி, கிராபிக்ஸ் சிப், உடற்கூடு, பெரும்பாலான மெல்லிய மாடல்களில் ரேம் ஆகியவை வாங்கிய நாளோடு முடிவாகிவிடுபவை. பேட்டரி, விசைப்பலகை, திரை ஆகியவை கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தால் மாறக்கூடியவை. எஸ்எஸ்டி, வைஃபை அட்டை, சில மாடல்களில் ரேம் ஆகியவற்றை ஒரு திருப்புளி இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். முதல் வகைக்குக் கடையில் தாராளமாகச் செலவழித்து, மூன்றாம் வகையைப் பின்னாளுக்கு விட்டுவைப்பதே தேர்வின் சூத்திரம்.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதை நேரில் பார்க்க ஏற்ற நாடு தைவான். உலகில் விற்கும் மடிக்கணினிகளில் மிகப் பெரும்பங்கை வடிவமைத்துத் தயாரித்துத் தருபவை தைவான் நிறுவனங்கள். அசூஸ், ஏசர், எம்எஸ்ஐ, கிகாபைட் ஆகிய பிராண்டுகள் இந்த நாட்டவை. வேறு நாட்டு பிராண்டுகளுக்காகத் தயாரிக்கும் குவான்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் ஆகியவையும் இந்த நாட்டவையே. தலைநகர் தைபேயில் தொடங்கி, தாவ்யுவான் வழியாக, தெற்கே சிப் நகரமான சிஞ்சு வரை சுமார் 70 கிலோமீட்டருக்குள் சந்தை, தயாரிப்பாளர், சிப் ஆலை மூன்றும் அடங்கிவிடுகின்றன.

குவாங்குவா சந்தை

தாவ்யுவான் பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்குபவரை, 2017இல் தொடங்கிய விமான நிலைய மெட்ரோவின் விரைவு வண்டி முக்கால் மணி நேரத்துக்குள் தைபே மைய நிலையத்தில் சேர்த்துவிடும். அங்கிருந்து நீல வழித்தடத்தில் கிழக்கு நோக்கி இரண்டாவது நிறுத்தம் ஜொங்சியாவ் சின்ஷெங். நிலையத்தை ஒட்டி, 1912இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய தைபே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் அருகே சில நிமிட நடையில் குவாங்குவா டிஜிட்டல் பிளாசா.

இந்தச் சந்தை புத்தகத்தில் தொடங்கியது. 1970களில் குலிங் தெருவின் பழைய புத்தகக் கடைகள் குவாங்குவா மேம்பாலத்தின் அடிக்கு இடம் மாற்றப்பட்டன. மாணவர் கூட்டம் வந்துபோகும் இடமென்பதால் புத்தகங்களோடு ரேடியோ உதிரிகள், பிறகு இசைத்தட்டுகள், பிறகு கணினிப் பாகங்கள் எனச் சரக்கு மாறிக்கொண்டே வந்தது. 2006இல் மேம்பாலம் இடிக்கப்பட்டது. கடைகள் சில காலம் தற்காலிகக் கொட்டகையில் இருந்து, 2008இல் இன்றைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தன. சுற்றியுள்ள பாதே சாலையிலும் சந்துகளிலும் கேபிள், திருகு, மின்விசிறி, பழைய மடிக்கணினி என ஒவ்வொன்றுக்கும் தனிக்கடை உண்டு. பக்கத்திலேயே 2015இல் திறந்த சின்ட்ரெண்ட் வளாகம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் குழுமத்தோடு தொடர்புடையது அது. பெரிய பிராண்டுகளின் காட்சிக்கூடங்கள் அங்கே இருக்கின்றன.

இரண்டு கட்டடங்களுக்கும் பயன் வேறு. சின்ட்ரெண்டில் யாரும் தொந்தரவு செய்யாமல் மணிக்கணக்கில் தட்டிப் பார்க்கலாம். குவாங்குவாவில் விலை கேட்கலாம், உதிரி வாங்கலாம், பழுது பார்க்கலாம். காலை 10 மணிக்கு முன்னால் போனால் பாதிக் கடைகள் மூடியே இருக்கும். பேரம் பேசிப் பெரிதாகக் குறைக்கும் வழக்கம் இல்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை சொல்லும் கடைகள் உண்டு. விலை குறையாத இடத்தில் பை, மவுஸ் என ஏதாவது சேர்த்துத் தருவார்கள். மொழி தெரியாதவருக்கு மாடல் எண்ணே போதும். அதைக் கைப்பேசியில் எழுதிக் காட்டினால் கடைக்காரர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

காட்சி மேசையில் முதலில் பார்க்க வேண்டியது திரை. நாள்முழுதும் கண் அங்கேதான் இருக்கும். பின்னால் மாற்றுவது செலவு கூடிய வேலை. 16:10 விகிதத் திரையில் பழைய 16:9ஐவிடக் கூடுதல் வரிகள் தெரியும். எழுதுபவருக்கும் கணக்கு பார்ப்பவருக்கும் அது உதவும். ஓஎல்இடி திரையில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். வண்ணம் துல்லியமாக இருக்கும். ஆனால் அதன் பளபளப்பான கண்ணாடி எதிரே உள்ள விளக்கைப் பிரதிபலிக்கும். மங்கலான வெளிச்சத்தில் சில ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிவதால் சிலருக்குக் கண்வலி வரும். வாங்கப் போகிறவர் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து சில நிமிடம் படித்துப் பார்ப்பது நல்லது. ஜன்னலோரம், ரயில், திண்ணை எனப் பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவருக்கு 400 நிட்டுக்குக் குறையாத பிரகாசமும் பிரதிபலிக்காத மேற்பரப்பும் தேவை.

அடுத்தது விசைப்பலகையும் கீலும். விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது, நடுவில் அழுத்தினால் பலகை வளைகிறதா, ஒரு கையால் மூடியைத் திறக்க முடிகிறதா, திறந்த மூடி மேசை ஆடும்போது ஆடுகிறதா என்பவை எந்த விவரப் பட்டியலிலும் இருக்காது. தைவானில் விற்கும் கருவிகளில் ஆங்கில எழுத்தோடு ஜூயின் என்ற சீன ஒலிக்குறிகள் 37ம் விசைகளில் அச்சிடப்பட்டிருக்கும். தட்டச்சு பழகியவருக்கு இது தடையில்லை. விசையைப் பார்த்துத் தட்டுபவருக்கு உறுத்தும். வெறும் ஆங்கிலப் பலகை வேண்டும் என்பவர் பணம் கட்டுமுன் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வெப்பம். ஒரே பெயருள்ள செயலி இரண்டு கருவிகளில் ஒரே வேகத்தில் ஓடாது. தயாரிப்பாளர் அதற்கு எத்தனை வாட் மின்சாரம் அனுமதிக்கிறார், அந்தச் சூட்டை வெளியேற்ற எவ்வளவு இடம் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. கிராபிக்ஸ் சிப்பில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 மடிக்கணினிச் சிப்புக்கு அந்த நிறுவனமே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. பெயரட்டையில் இரண்டும் 4070தான். மெல்லிய கருவியில் இருப்பது தடித்த கருவியில் இருப்பதற்கு வெகுதூரம் பின்தங்கும். கடையில் காணொளித் தொகுப்போ கனமான விளையாட்டோ ஓடிக்கொண்டிருந்தால், மின்விசிறியின் ஓசையைக் காதால் கேட்டு, விசைப்பலகையின் மேல்வரிசையைக் கையால் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எடையையும் சார்ஜரோடு சேர்த்தே தூக்கிப் பார்க்க வேண்டும். 1.2 கிலோ கருவிக்கு யூஎஸ்பி-சி வழியே 65 வாட் சார்ஜர் போதும். அது கைப்பேசிக்கும் உதவும். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள 16 அங்குலக் கருவிகளில் சில, செங்கல் கனமுள்ள சார்ஜரோடு வருகின்றன. அந்தக் கனம் விளம்பர எடையில் சேராது.

தாவ்யுவான்: பெயர் ஒன்று, செய்தவர் வேறொருவர்

விமான நிலைய மெட்ரோ தைபேயை விட்டு மேற்கே ஏறும்போது குய்ஷான் பகுதியைக் கடக்கிறது. தாவ்யுவான் நகரின் கீழ் வரும் இந்தப் பகுதியில் மருத்துவமனையும் குடியிருப்புக் கோபுரங்களும் நடுவே தொழில் வளாகங்களும் தெரிகின்றன. குவான்டாவின் தலைமையகம் இங்கேதான். பேரி லாம் 1988இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பெயரைக் கடையில் எந்த மடிக்கணினியிலும் பார்க்க முடியாது. ஆனால் ஆப்பிள், டெல், ஹெச்பி ஆகியவற்றின் கருவிகளை அது தயாரித்துக் கொடுத்திருக்கிறது. 1984இல் தொடங்கிய காம்பாலும் இத்தகையதே. பிராண்டு தனக்கு வேண்டியதைச் சொல்லும். பலகையின் அமைப்பு, வெப்பக்குழாயின் வளைவு, திருகின் இடம் வரை வரைந்து செய்து கொடுப்பது இவர்கள் வேலை.

பெருந்தொகையாகப் பொருத்தும் வேலை இப்போது தைவானில் இல்லை. மடிக்கணினித் தயாரிப்பைச் சீனாவுக்குக் கொண்டுபோவதற்கு இருந்த கட்டுப்பாட்டைத் தைவான் அரசு 2001இல் தளர்த்தியது. சில ஆண்டுகளுக்குள் பொருத்தும் வரிசைகள் ஷாங்காய், குன்ஷான், சூஜோ பக்கம் போயின. 2010ஐ ஒட்டிச் சீனாவின் உட்பகுதி நகரமான சோங்சிங் பெரிய மையமானது. அண்மைக்காலமாக வியட்நாமும் தாய்லாந்தும் சேர்ந்திருக்கின்றன. வடிவமைப்புப் பொறியாளர்கள் மட்டும் தைபேயிலும் தாவ்யுவானிலும் தங்கிவிட்டார்கள்.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே பிராண்டின் இரண்டு வரிசைகளை இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் செய்திருக்கலாம். பிராண்டின் மேல் உள்ள நம்பிக்கையைவிடக் குறிப்பிட்ட மாடலின் பராமரிப்புக் கையேடு அதிகம் சொல்லும். லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளுக்கு இந்தக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ரேம் எத்தனை துளையில் இருக்கிறது, எஸ்எஸ்டி எந்த நீளம், பேட்டரி திருகில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா என எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். பணம் கொடுப்பதற்கு முந்தைய இரவில் படிக்க வேண்டிய ஆவணம் அது. கையேடே வெளியிடாத மாடல் என்றால், உள்ளே மாற்றுவதற்கு அதிகம் இல்லை என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

பழுதுபார்ப்பதையே வடிவமைப்பின் மையமாக வைத்த கருவியும் இதே தாவ்யுவானில்தான் பொருத்தப்படுகிறது. அமெரிக்க நிறுவனமான ஃபிரேம்வொர்க் தன் முதல் மடிக்கணினியை 2021இல் வெளியிட்டது. கருவியோடு ஒரு திருப்புளியும் வரும். திரை, பேட்டரி, விசைப்பலகை, பக்கவாட்டு இணைப்புத் துளைகள் எல்லாவற்றையும் வாங்கியவரே மாற்றலாம். 2021இல் இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலியோடு வந்த அதே 13 அங்குலக் கூட்டில் 2023இன் ஏஎம்டி மதர்போர்டும் 2025இன் ஏஎம்டி மதர்போர்டும் பொருந்துகின்றன. செயலியே முடிவான பாகம் என்ற விதிக்கு இது அரிய விலக்கு. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. இதே பணத்தில் இதைவிட மெல்லிய, நீண்ட நேரம் பேட்டரி நிற்கும் கருவிகள் கிடைக்கும்.

சிஞ்சு: சிப்பும் நினைவகமும்

தைபேயிலிருந்து அதிவேக ரயிலில் சிஞ்சு நிலையத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். அந்த நிலையம் நகரத்துக்கு வெளியே ஜுபெயில் இருக்கிறது. ஊருக்குள் போக லியுஜியா கிளை ரயிலில் மாற வேண்டும். ஊர் நடுவில் 1913இல் கட்டிய பழைய ரயில் நிலையம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நகரக் காவல் தெய்வத்தின் கோவிலைச் சுற்றி உணவுக்கடைகள் மொய்த்திருக்கின்றன. சிஞ்சு காற்றுக்குப் பேர்போன ஊர். அந்தக் காற்றில் உலர்த்திய அரிசிச் சேமியாவும் இறைச்சி உருண்டைச் சூப்பும் இந்த ஊரின் அடையாளங்கள்.

சிப் தொழில் இங்கே வந்தது அரசின் திட்டத்தால். 1973இல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்ஐ அமைந்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி தைவான் பொறியாளர்கள் அங்கே போய் சிப் தயாரிப்பைக் கற்று வந்தார்கள். 1980இல் சிஞ்சு அறிவியல் பூங்கா திறந்தது. 1987இல் மாரிஸ் சாங் டிஎஸ்எம்சியைத் தொடங்கினார். தனக்கென்று சிப் எதையும் விற்காமல் பிறர் வரைந்ததை அச்சிட்டுத் தருவது மட்டுமே தொழில் என்ற ஏற்பாடு அப்போது புதிது. ஆப்பிளின் எம் வரிசை, ஏஎம்டியின் ரைசன், குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் ஆகியவற்றின் செயலிப் பகுதிகள் டிஎஸ்எம்சியில் செய்யப்படுகின்றன. இன்டெல் கூட 2024இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையின் கணிப்புப் பகுதியை டிஎஸ்எம்சியிடமே கொடுத்தது. ஆலைக்குள் யாரையும் விடமாட்டார்கள். முன்பதிவு செய்தவர்கள் பூங்காவிலுள்ள டிஎஸ்எம்சி புத்தாக்க அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். மடிக்கணினித் திரைகள் செய்யும் ஏயூஓவின் தலைமையகமும் இதே பூங்காவில்தான் இருக்கிறது.

ரேம் ஏன் மாற்ற முடியாததானது என்பதற்கு விடை இங்கே செய்யப்படும் சிப்புகளின் வேகத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் கழற்றி மாட்டும் ரேமுக்கு எஸ்ஓ-டிஐஎம்எம் என்று பெயர். டிடிஆர்5 வகையில் அது 262 ஊசிகள் கொண்ட துளையில் உட்காரும். மடிக்கணினிகளில் பரவலாக நொடிக்கு 5600 மெகாபரிமாற்ற வேகத்தில் ஓடும். செயலியிலிருந்து துளை வரை நீளும் கம்பித்தடத்தில் வேகத்தை மேலும் கூட்டினால் சமிக்ஞை சிதையும். எல்பிடிடிஆர்5எக்ஸ் என்ற சிப்பை செயலிக்கு ஒட்டியே பலகையில் சாலிடர் செய்தால் தடம் சுருங்கும்; வேகம் 7500, 8533 என ஏறும். சமிக்ஞை மின்னழுத்தமும் டிடிஆர்5இன் 1.1 வோல்ட்டிலிருந்து 0.5 வோல்ட்டுக்கு இறங்கும். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத கருவியில் படக்காட்சியும் இதே ரேமைப் பங்கிட்டுக்கொள்வதால் இந்த வேகம் நேரடியாகத் தெரியும், பேட்டரியும் நீடிக்கும். ஆப்பிள் 2020இல் எம்1இல் ரேமைச் செயலியின் உறைக்குள்ளேயே சேர்த்தது. கோர் அல்ட்ரா 200வியும் அப்படியே. அதில் 16 அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் கிடையாது.

இரண்டின் நன்மையையும் சேர்க்கும் முயற்சியாக வந்தது கேம்2. டெல் 2022இல் தன் பிரிசிஷன் வரிசையில் அறிமுகப்படுத்திய தட்டையான ரேம் அட்டையை, தர அமைப்பான ஜெடெக் 2023 டிசம்பரில் பொதுத் தரமாக்கியது. அதன் எல்பிகேம்2 வடிவம் 2024இல் லெனோவாவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறைக் கருவியில் சந்தைக்கு வந்தது. சில திருகுகளைக் கழற்றினால் எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேமையே மாற்றலாம். ஆனால் இந்த வசதி உள்ள மாடல்கள் இன்னும் மிகச் சிலவே.

ஆகவே ரேம் சாலிடர் செய்யப்பட்ட கருவியை வாங்குபவர் இன்றைய தேவைக்கு வாங்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்குப் பிந்தைய தேவைக்கு வாங்க வேண்டும். அலுவலக வேலை, எழுத்து, உலாவிக்கு 16 ஜிபி போதும். நிரலாக்கம், ஒளிப்படம், காணொளி என்றால் 32 ஜிபி. விலையைப் பார்த்துத் தள்ளிப்போட இந்தக் கருவிகளில் வழியில்லை. துளை உள்ள கருவியில் தள்ளிப்போடலாம். ஆனால் அதுவும் எப்போதும் லாபமாகாது. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025 கடைசியில் நினைவக விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கான தன் குரூஷியல் ரேம், எஸ்எஸ்டி வணிகத்தைக் கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பின்னாளில் மலிவாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கை வாங்கும் வாரத்து விலையோடு ஒப்பிட்டே போட வேண்டும்.

திரும்பவும் குவாங்குவா: மேம்படுத்தும் வேலை

மேம்படுத்த வேண்டியதா என்பதே முதல் கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முந்தைய கருவியில் விலையுயர்ந்த எஸ்எஸ்டி போடுவது வீண். லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு மட்டும் அந்தச் செலவு பயன்படும். அதற்குப் பிந்தைய கருவி மந்தமாகிவிட்டதென்றால், பணி மேலாளரை (டாஸ்க் மேனேஜர்) திறந்து ரேம் நிறைந்திருக்கிறதா, வட்டு நிறைந்திருக்கிறதா, அல்லது சூட்டில் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்று பார்த்தால் எதை மாற்றுவது என்று தெரியும். சூடுதான் காரணம் என்றால் மின்விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாக இடுவதே போதும். குவாங்குவாவின் பழுதுபார்க்கும் கடைகள் இதைச் செய்து கொடுக்கும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது நீளம் முக்கியம். எம்.2 அட்டைகளில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மெல்லிய கருவிகள் சிலவற்றில் 2242 அல்லது 2230 மட்டுமே உட்காரும். இரண்டு பக்கமும் சிப் உள்ள அட்டை, மெல்லிய கருவியின் மூடியில் இடிக்கும். பிசிஐஇ 4.0 வகை நொடிக்கு சுமார் 7000 மெகாபைட் வரை படிக்கும், 5.0 அதைவிட வேகம், ஆனால் சூடும் அதிகம். மடிக்கணினிக்கு 4.0 தாராளம். எஸ்எஸ்டியின் நினைவகச் சிப்பில் டிஎல்சி வகை, கியூஎல்சி வகையைவிட அதிக முறை எழுதுவதைத் தாங்கும். 2000இல் தொடங்கி, இப்போது சிஞ்சுவுக்குத் தெற்கே ஜுநானில் இயங்கும் ஃபைசன், பல பிராண்டுகளின் எஸ்எஸ்டிகளுக்குக் கட்டுப்பாட்டுச் சிப் செய்து தருகிறது. ஆகவே மேலே ஒட்டிய பெயர் வேறானாலும் உள்ளே ஒரே சிப் இருப்பது உண்டு. ஆப்பிளின் மேக்புக் கருவிகளில் எஸ்எஸ்டியை வாங்கியவர் மாற்ற முடியாது. அங்கே சேமிப்பிடமும் முதல் வகையிலேயே சேரும்.

ரேம் வாங்கும்போது டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டுக்குறி வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. ஒரே அளவில் இரண்டாக வாங்கினால் இரட்டைத் தடத்தில் ஓடி வேகம் கூடும். சில கருவிகளில் பாதி ரேம் சாலிடர் செய்யப்பட்டும் பாதி துளையிலும் இருக்கும். அங்கே சாலிடர் செய்த அளவுக்கு இணையான அட்டையைப் போடுவது நல்லது. வைஃபை அட்டையிலும் ஒரு பொறி உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்211 போன்றவை அதற்கு ஏற்ற இன்டெல் பலகைகளில் மட்டுமே வேலை செய்யும். ஏஎக்ஸ்210 ஏஎம்டி கருவிகளிலும் ஓடும்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. கோப்புகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை எழுதி வைக்க வேண்டும். பாகம் மாறியதும் கருவி அதைக் கேட்கக்கூடும். திங்க்பேட் போன்றவற்றில் பயாஸிலேயே உள்பேட்டரியை அணைக்கும் வசதி இருக்கிறது. பின்மூடித் திருகுகள் ஒரே நீளத்தில் இருக்கும் என்று எண்ணக் கூடாது. மூடியின் படத்தைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் திருகைக் குத்தி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இல்லை. மூடியைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரமாக எழுப்பி, முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எஸ்எஸ்டியும் ரேமும் சாய்வாக நுழையும். முழுவதும் உள்ளே போனபின் கீழே அழுத்த வேண்டும். புது டிடிஆர்5 ரேமோடு முதன்முறை இயக்கும்போது கருவி ரேமைச் சோதித்துப் பழகிக்கொள்ளும். அதனால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

பேட்டரியை மாற்றுவது தேய்ந்தபிறகு. மேக்புக் பேட்டரிகளை ஆயிரம் முழுச் சுற்றுகளுக்குப் பிறகு தேய்ந்தவையாக ஆப்பிள் கணக்கிடுகிறது. பெரும்பாலும் மேசையில் வைத்து வேலை செய்பவர் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை இயக்கி வைத்தால் ஆயுள் கூடும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. கடையில் கொடுத்துவிட வேண்டும். புதிய பேட்டரியைப் பழையதன் பாக எண்ணைக் காட்டியே வாங்க வேண்டும்.

கொண்டுவருதல்

தைவானில் பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும். டிஆர்எஸ் குறி ஒட்டிய கடையில் ஒரே நாளில் 2,000 தைவான் டாலருக்குக் குறையாமல் வாங்கி, 90 நாளுக்குள் நாட்டைவிட்டு எடுத்துச் செல்பவருக்கு, 5 சதவீத வணிக வரி கையாளும் கட்டணம் போகத் திரும்பும். கடவுச்சீட்டைக் கடையிலேயே காட்டிப் படிவம் வாங்கி, பொருளோடு விமான நிலையத்தில் காட்ட வேண்டும். உதிரிபாகச் சிறுகடைகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது.

தைவானின் மின்சாரம் 110 வோல்ட், இந்தியாவில் 230. சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இரண்டிலும் ஓடும். தட்டையான இரண்டு ஊசிகள் கொண்ட செருகி இந்தியச் சுவரில் நுழையாது. மாற்றுச் செருகியோ புதுக் கம்பியோ வேண்டும். உத்தரவாதம் பிராண்டுக்கு பிராண்டு, வரிசைக்கு வரிசை மாறும். தைவானில் மட்டும் செல்லுமா, உலகம் முழுக்கச் செல்லுமா என்பதை உத்தரவாத அட்டையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய சேவை மையத்தில் அந்த மாடல் பதிவாகவே இல்லை என்றால் பாகம் வரவழைக்க நாளாகும். திரை, விசைப்பலகை போன்ற இரண்டாம் வகைப் பாகங்கள் ஊரில் கிடைக்குமா என்ற கேள்வி, வெளிநாட்டில் மிச்சமாகும் தொகையைவிடப் பெரியது.

விமானத்தில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட பேட்டரிகள் அனுமதி கேட்காமலே செல்லும்; பெரிய மடிக்கணினிகளின் பேட்டரி 99 வாட்-மணியை ஒட்டியே நிற்பதற்கு அதுவே காரணம். தனியாக வாங்கிய பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. இந்தியாவுக்குத் திரும்பும் 18 வயது நிரம்பிய பயணி ஒவ்வொருவரும் ஒரு மடிக்கணினியைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். இரண்டாவதற்கு இந்தச் சலுகை கிடையாது. கழற்றி எடுத்த பழைய ரேமையும் எஸ்எஸ்டியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. உத்தரவாதப் பழுதுக்குக் கருவியைக் கொடுக்கும்போது அவற்றையே திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்; எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டால் வெளிவட்டாகவும் பயன்படும்.